பதினைந்து டோஸுக்குப் பிறகு ஒரு கட்டி மட்டும் வளர்ந்தால்

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. முப்பது வருடம் பீடி குடித்தவர். போன வருடம் நுரையீரலில் அடினோகார்சினோமா என்ற கேன்சர், நான்காம் கட்டம் என்றார்கள். கட்டியில் பிடி-எல்1 என்ற புரதம் 70 சதவீதம். ஈஜிஎஃப்ஆர், ஆல்க், ராஸ்1 என்ற மூன்று மரபணு மாற்றமும் இல்லை. பெம்ப்ரோலிசுமாப் 200 மி.கி., 21 நாளுக்கு ஒருமுறை, இதுவரை 15 டோஸ் ஏறியிருக்கிறது. 5.2 செ.மீ. இருந்த கட்டி 1.9 ஆகச் சுருங்கியது. அப்பா பழையபடி கடைக்குப் போய்வர ஆரம்பித்தார். இப்போது எடுத்த சிடி ஸ்கேனில் நுரையீரல் கட்டி அப்படியே இருக்கிறது. ஆனால் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் இடது அட்ரினல் சுரப்பியில் 1.2 செ.மீ. இருந்தது 3.1 ஆகிவிட்டது. ‘மருந்துக்கு எதிர்ப்பு வந்துவிட்டது, கீமோவுக்கு மாறலாம்’ என்கிறார் டாக்டர். டோஸைக் கூட்டிப் பார்க்கக் கூடாதா? நிவோலுமாப் குறைந்த செலவில் போடலாமாமே, அதற்கு மாறலாமா? மூன்று மாதம் முன்பு நெஞ்சுச்சளிக்கு நான்தான் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தேன். தினமும் பான்டோபிரசோலும் போடுகிறார். அவை கெடுத்துவிட்டனவா? மலமாற்று சிகிச்சை, கார்-டி என்றெல்லாம் படிக்கிறேன். கொஞ்ச நாளாக அப்பாவுக்கு அசதி வேறு. அடுத்த மாதக் கடைசியில் தங்கை கல்யாணம். என்ன செய்ய?
— ஒரு வாசகி, கரூர்

பதில்: உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. உடம்பில் நோய் இருந்த இடங்களில் ஒன்றே ஒன்றுதான் வளர்ந்திருக்கிறது, மற்றவை அடங்கியே இருக்கின்றன. இதை ‘மருந்து தோற்றுவிட்டது’ என்று நான் படிக்க மாட்டேன். ‘ஓரிடத்தில் தப்பிவிட்டது’ என்றுதான் படிப்பேன். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. உங்கள் டாக்டர் சொன்ன கீமோ தவறான யோசனை இல்லை. அதற்கு முன்னால் கேட்டுத் தெளிய வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் அசதியைப் பார்ப்போம். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அவசரமானது அதுதான். பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு சிகிச்சை மருந்துகள் தைராய்டையும், மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியையும், சில சமயம் அட்ரினலையும் அழற்சியால் சேதப்படுத்தும். உடம்பில் அட்ரினல் சுரக்கும் கார்டிசோல் ஹார்மோன் குறைந்தால் வருவது அசதி, எழுந்தால் தலைசுற்றல், பசியின்மை, குமட்டல், ரத்தத்தில் சோடியம் இறங்குதல். குடும்பத்தில் எல்லோரும் ‘நோய் முற்றுகிறது போல’ என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். இது மாத்திரையால் சரியாகிற விஷயம். கவனிக்காமல் விட்டால் ஒரு காய்ச்சலிலேயே உயிருக்கு ஆபத்து. காலை 8 மணிக்கு எடுத்த ரத்தத்தில் கார்டிசோல், ஏசிடிஎச், சோடியம், பொட்டாசியம், டிஎஸ்எச், ஃப்ரீ டி4 பார்க்கச் சொல்லுங்கள். சாயங்காலம் எடுத்த கார்டிசோல் இயல்பாகவே குறைவாக இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு எதுவும் போடுவதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். போட்டபின் எடுத்தால் எண் கலைந்துவிடும். தைராய்டும் கார்டிசோலும் இரண்டுமே குறைவாக வந்தால் கார்டிசோலுக்கான ஹைட்ரோகார்டிசோனைத்தான் முதலில் ஆரம்பிக்க வேண்டும். தைராக்ஸினை முதலில் கொடுத்தால் இருக்கிற கொஞ்சநஞ்ச கார்டிசோலும் வேகமாகச் செலவாகி அட்ரினல் நெருக்கடி வரலாம். இடது சுரப்பியில் கட்டி இருப்பதால் மட்டும் கார்டிசோல் குறைந்துவிடாது, வலது பக்கம் ஈடுகட்டும். அதனால் குறைவாக வந்தால் காரணம் பெரும்பாலும் மருந்தின் பக்கவிளைவாகத்தான் இருக்கும்.

இனி ‘எதிர்ப்பு’ என்ற சொல்லுக்கு வருவோம். நோயெதிர்ப்பு சிகிச்சைக்கு எதிர்ப்பு என்று தமிழில் சொல்லும்போதே குழம்புகிறது. பாக்டீரியா ஆன்டிபயாடிக்கை எதிர்ப்பதுபோல இதை நினைத்துக்கொள்கிறோம். அது சரியில்லை. பெம்ப்ரோலிசுமாப் கேன்சர் செல்லைத் தொடுவதே இல்லை. நம் ரத்தத்தில் இருக்கும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களின் மேல் பிடி-1 என்று ஒரு பிரேக் இருக்கிறது. கேன்சர் செல் பிடி-எல்1 என்ற புரதத்தை நீட்டி அந்த பிரேக்கை மிதிக்கிறது. மருந்து பிரேக்கின் மேல் உட்கார்ந்து மிதிக்க விடாமல் தடுக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. இந்த பிரேக்குகளைக் கண்டறிந்து மருத்துவத்துக்கு வழி திறந்ததற்காக ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக மருந்து தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே கேன்சர் தப்பிக்க முடியும். ஒரு டி செல் கேன்சர் செல்லை எப்படி அடையாளம் காண்கிறது? ஒவ்வொரு செல்லும் தனக்குள் என்ன புரதம் தயாராகிறது என்பதற்குத் துண்டு துண்டாகச் சாம்பிள் எடுத்து, கடை வாசலில் சரக்கை மாட்டி வைப்பதுபோல வெளிப்புறத்தில் மாட்டி வைக்கும். அந்தச் சாம்பிளைத் தாங்குகிற கொக்கியில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்று ஒரு பாகம். அந்த மரபணு அழிந்துபோன செல்லில் கொக்கியே நிற்காது. டி செல் பிரேக் விடுபட்டுத் தயாராக வந்தாலும் வாசலில் பார்க்க ஒன்றும் இருக்காது, தாண்டிப் போய்விடும். இன்னொரு வழி: டி செல் தாக்கும்போது இன்டர்ஃபெரான்-காமா என்ற சைகைப் புரதத்தைக் கொட்டும். அதைக் கேட்டு அடங்குவதற்கு கேன்சர் செல்லுக்கு ஜாக்1, ஜாக்2 என்ற இரண்டு புரதம் வேண்டும். அவை பழுதானால் செல்லுக்குக் காது கேட்காது. அமெரிக்காவில் ஆன்டோனி ரிபாஸ் குழுவினர் 2016-இல் இதை நேரடியாகவே காட்டினார்கள். பெம்ப்ரோலிசுமாபில் நன்றாகச் சுருங்கி, பிறகு திரும்பி வளர்ந்த நான்கு மெலனோமா (ஒருவகைத் தோல் புற்றுநோய்) நோயாளிகளின் கட்டியை முன்னும் பின்னும் எடுத்து மரபணுக்களை ஒப்பிட்டபோது, இருவரிடம் ஜாக் பழுது, ஒருவரிடம் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் பழுது. நான்காமவரிடம் காரணம் தெளிவாகக் கிடைக்கவில்லை.

இவை தவிர டி செல் கட்டிக்குள் நுழையவே முடியாமல் சுற்றிலும் நார்த்திசு சூழ்ந்துகொள்வது உண்டு. உள்ளே போன டி செல் நாட்பட்டுக் களைத்து, லாக்-3, டிம்-3 என்று வேறு பிரேக்குகள் முளைப்பதும் உண்டு. நுரையீரல் கேன்சரில் எஸ்டிகே11, கீப்1 மரபணு பழுதுகள் இருந்தால் ஆரம்பத்திலிருந்தே இந்த மருந்து சரியாக வேலை செய்யாமல் போக வாய்ப்பு அதிகம். அப்பாவுக்கு முதல் பத்து மாதம் நன்றாகக் கேட்டிருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் கேட்டு, பிறகு வளர்வதை இரண்டாம்நிலை எதிர்ப்பு என்போம். ஆரம்பம் முதலே கேட்காததைவிட இது நல்ல நிலைமை. பெரும்பாலான கேன்சர் செல்கள் இன்னும் டி செல்லுக்குப் பணிகின்றன, ஒரு கிளை மட்டும் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது என்று பொருள். அது அட்ரினலில் நிகழ்வது அபூர்வமும் இல்லை. இந்த சிகிச்சையில் மற்ற இடங்கள் அடங்கி அட்ரினல் மட்டும் வளர்வதை அடிக்கடி பார்க்கிறோம்.

டோஸைக் கூட்டலாமா என்ற கேள்விக்கு இப்போது உங்களுக்கே பதில் தெரிந்திருக்கும். பிடி-1 பிரேக்குகள் எல்லாவற்றின் மேலும் ஏற்கெனவே மருந்து உட்கார்ந்திருக்கிறது, இன்னும் ஊற்றினால் உட்கார இடமில்லை. பெம்ப்ரோலிசுமாபை வைத்து நடந்த கீநோட்-010 ஆய்வில் எடைக்குக் கிலோவுக்கு 2 மி.கி., 10 மி.கி. என்று ஐந்து மடங்கு வித்தியாசத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். ஆயுளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நிவோலுமாபும் அதே பிடி-1 பிரேக்கில்தான் உட்காரும். அட்டெசோலிசுமாப், டர்வாலுமாப் மறுமுனையான பிடி-எல்1-ஐப் பிடிக்கும். ஒன்று கேட்காமல் வளரும்போது இன்னொன்றுக்கு மாறுவது பூட்டு ஒன்றாக இருக்க, சாவியின் கம்பெனியை மாற்றுவதுதான். நீங்கள் கேள்விப்பட்ட குறைந்த டோஸ் நிவோலுமாப் வேறு விஷயம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் தலை-கழுத்துப் புற்றுநோய்க்கு வெறும் 20 மி.கி.யை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வாய்வழிக் கீமோ மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமானார்கள். 2023-இல் வெளியான அந்த ஆய்வு நம் நாட்டுக்குப் பெரிய சொத்து. ஆனால் அது முழு டோஸ் வாங்க முடியாதவர்களுக்கு முதல்முறை மருந்தைக் கொண்டு சேர்க்கும் வழி. ஏற்கெனவே முழு டோஸில் தப்பிய கட்டிக்கு அது விடையாகாது.

ஆன்டிபயாடிக் பற்றிக் குற்ற உணர்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். குடல் நுண்ணுயிர்களுக்கும் இந்த மருந்துக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை. சிகிச்சை தொடங்குவதையொட்டிய ஒன்றிரண்டு மாதங்களில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்குப் பலன் குறைவதாகப் பல நாட்டுப் பதிவுகளில் தெரிகிறது. அந்தப் பதிவுகளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: உடம்பு மோசமாக இருப்பவர்களுக்குத்தான் ஆன்டிபயாடிக் அதிகம் போகும். அப்பா எடுத்தது ஏழாம் மாதவாக்கில், மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருந்தபோது. நெஞ்சுச்சளியை விட்டு நிமோனியா ஆகியிருந்தால் அதுதான் கெடுதல். பான்டோபிரசோலை மட்டும் உண்மையில் தேவையா என்று கேளுங்கள். நம் ஊரில் எந்த மருந்துச் சீட்டிலும் அது முதல் வரியில் ஏறி, பிறகு யாரும் சீட்டிலிருந்து நீக்காமலே வருடக்கணக்கில் ஓடும். அல்சர் வந்தவர், ஆஸ்பிரின் குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர் என்றால் நிறுத்தக் கூடாது. மற்றபடி நிறுத்திவிட்டு, நெஞ்செரிச்சல் வரும் நாளில் மட்டும் ஃபாமோடிடின் போதுமா என்று பார்க்கலாம். கடையில் விற்கும் புரோபயாடிக் பாக்கெட்டை வாங்காதீர்கள். மெலனோமா நோயாளிகளிடம் 2021-இல் பார்த்தபோது, தினம் 20 கிராமுக்கு மேல் நார்ச்சத்து சாப்பிட்டவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு அப்படி இல்லை. கம்பங்கூழ், கீரை, சுண்டல், அவரைக்காய் போதும்.

மலமாற்று சிகிச்சையும் அதே குடல் கதையின் நீட்சிதான். 2021-இல் ஒரே இதழில் இரண்டு சிறு ஆய்வுகள் வந்தன. மருந்து நன்றாகக் கேட்ட நோயாளிகளின் மலத்திலிருந்து நுண்ணுயிர்களை எடுத்து, மருந்து கேட்காத மெலனோமா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் 15 பேரில் 6 பேருக்கும், இஸ்ரேலில் 10 பேரில் 3 பேருக்கும் பலன் தெரிந்தது. எதிர்ப்பைத் திருப்ப முடியும் என்று காட்டியது என்ற அளவில் பெரிய செய்தி. ஆனால் அது மெலனோமா, அதுவும் கையளவு ஆட்கள். 2019-இல் சரியாகச் சோதிக்காத கொடையிலிருந்து மருந்தெதிர்ப்பு ஈ.கோலை பரவி ஒருவர் இறந்ததும் நடந்திருக்கிறது. ஆய்வுக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு யாராவது செய்கிறேன் என்றால் வேண்டாம்.

டி செல்லை வெளியே எடுத்து, மரபணுவை மாற்றித் திருப்பி ஏற்றும் கார்-டி பற்றி ஒரே வரி. 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19, சிடி19 என்ற அடையாளமுள்ள ரத்தப் புற்றுநோய்களுக்கானது. நுரையீரல் கட்டியின் செல்களில் அந்த அடையாளமே கிடையாது.

ஒரு கேன்சரில் எதிர்ப்பை முறித்த வழி இன்னொன்றில் முறிப்பதில்லை என்பதுதான் இந்தத் துறையின் பெரிய தலைவலி. மெலனோமாவில் பிடி-1 மருந்து கேட்காமல் போனபின் அதோடு வேறொரு பிரேக்கைத் தடுக்கும் இபிலிமுமாப் சேர்த்தால் 28 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்குகிறது, இபிலிமுமாப் மட்டும் என்றால் 9 சதவீதம்தான். கட்டிக்குள்ளிருந்தே டி செல்லை எடுத்து, வளர்த்துத் திருப்பி ஏற்றும் லிஃபிலியூசெல் 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் மெலனோமாவுக்கு அனுமதி பெற்றது. மூன்றில் ஒருவருக்குக் கேட்கிறது. நுரையீரலுக்கு வந்தால் கதை வேறு. பிடி-1-இல் தப்பியவர்களுக்கு அதே வகை மருந்தோடு, கட்டிக்குப் புது ரத்தநாளம் வளரவிடாமல் தடுக்கும் மாத்திரை ஒன்றைச் சேர்த்து, சாதாரண டோசிடாக்ஸெல் கீமோவோடு போட்டி வைத்த மூன்று பெரிய ஆய்வுகள் நடந்தன: சிட்ராவாட்டினிப் வைத்து சஃபையர், லென்வாட்டினிப் வைத்து லீப்-008, கபோசான்டினிப் வைத்து கான்டாக்ட்-01. மூன்றிலும் ஆயுள் கூடவில்லை. கான்டாக்ட்-01-இல் சராசரி ஆயுள் 10.7 மாதம், டோசிடாக்ஸெலுக்கு 10.5. பக்கவிளைவும் செலவும் மட்டும் மிச்சம். ஆகவே யாராவது ‘இம்யூனோவோடு இந்த மாத்திரையைச் சேர்த்தால் எதிர்ப்பு உடையும்’ என்று எழுதிக் கொடுத்தால், எந்த ஆய்வின் அடிப்படையில் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

அப்படியானால் உங்கள் அப்பாவுக்கு எது?

வளர்ந்தது உண்மையிலேயே ஓரிடம்தானா என்று உறுதி செய்ய வேண்டும். முழு உடல் பெட்-சிடி, கூடவே கான்ட்ராஸ்ட் மருந்தேற்றி எடுத்த மூளை எம்ஆர்ஐ. பெட் ஸ்கேனில் மூளை சரியாகத் தெரியாது. அதனால் எம்ஆர்ஐயைத் தவிர்க்காதீர்கள். பழைய சிடி, புதிய சிடி இரண்டின் படச்சுருளை அல்ல, படங்கள் பதிந்த கணினித் தட்டை வாங்கி, ஒரே ரேடியாலஜிஸ்ட் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒன்று கான்ட்ராஸ்ட் மருந்தேற்றியது, ஒன்று ஏற்றாதது என்றால் அட்ரினல் அளவு ஒப்பிடத் தகாது. ‘டி செல் புகுந்து வீங்கியிருக்கும், பொறுத்தால் சுருங்கும்’ என்று ஒரு வாதம் உண்டு. அந்தப் போலி வளர்ச்சி பெரும்பாலும் முதல் சில மாதங்களில் நடப்பது. நுரையீரலில் நூறு பேரில் ஐந்து பேருக்கும் குறைவு. பத்தாம் மாதத்தில் அதை நம்பிக் காத்திருக்க மாட்டேன்.

அடுத்து பயாப்சி. ஸ்கேனில் வளர்ந்ததெல்லாம் கேன்சர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அதுவும் நம் நாட்டில். பிடி-1 மருந்து உறங்கிக் கிடந்த காசநோயைக் கிளப்பிவிடுவது உண்டு. நிணநீர் முடிச்சுகளில் சார்காய்ட் என்ற அழற்சி நோய் போன்ற வீக்கமும் இதனால் வரும். பெட் ஸ்கேனில் இவை எல்லாமே ஒளிரும். காசநோய் அட்ரினலையும் பிடிக்கும், வழக்கமாக இரண்டு பக்கமும். அதனால் ஊசியால் எடுக்கும் திசுவில் ஒரு பகுதியைக் காசநோய் சோதனைக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். இங்கேதான் அடிக்கடி கோட்டை விடுவார்கள்: எல்லாத் துண்டுகளையும் ஒரே ஃபார்மலின் குப்பியில் போட்டுவிடுவார்கள். ஃபார்மலினில் விழுந்த திசுவில் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கவே முடியாது. கேன்சர் சோதனைக்கு ஃபார்மலின், காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கும் கல்ச்சருக்கும் தனிக் குப்பியில் சுத்தமான சலைன். பயாப்சி அறைக்குள் அப்பா போகும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். அட்ரினலில் ஊசி போடுவதற்கு முன் ரத்தத்தில் மெட்டாநெஃப்ரின் பார்ப்பது வழக்கம். ஃபியோக்ரோமோசைட்டோமா என்ற கட்டியாக இருந்து ஊசி பட்டால் ரத்த அழுத்தம் எகிறிவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அதை எப்போது நிறுத்துவது என்று இதய டாக்டரையும் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எடுத்த திசுவில் முதலில் பார்க்க வேண்டியது செல்லின் வகை. சில சமயம் அடினோகார்சினோமா சிறுசெல் வகையாக மாறியிருக்கும், அப்போது கீமோ மருந்தே வேறு. பிறகு பல மரபணுக்களை ஒரே தடவையில் பார்க்கும் என்ஜிஎஸ் பரிசோதனை. முதலில் பார்த்தது மூன்று மரபணு மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கேராஸ் ஜி12சி, மெட் எக்ஸான் 14, ஹெர்2, பிராஃப் வி600ஈ, ரெட், என்ட்ரெக் இவை இன்னும் பார்க்கப்படவில்லை. பீடி குடித்தவர்களிடம் கேராஸ் ஜி12சி நிறையவே கிடைக்கும், அதற்கு சொட்டோராசிப், அடாகிராசிப் என்று மாத்திரைகள் இருக்கின்றன. பழைய பயாப்சியின் பாரஃபின் பிளாக் (திசுவை மெழுகில் பதித்து வைத்தது) அந்த ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருந்தால் அதையே கேட்டு வாங்கி அனுப்பலாம், பயாப்சி முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், ஜாக் பழுது தெரிந்தால் ஏன் தப்பியது என்று புரியும். ஆனால் இன்றைக்கு அதை வைத்து மருந்து மாறாது. அதற்கென்று தனியே பணம் கட்ட வேண்டாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. இப்படிக் குறிப்பிட்ட மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் இலக்கு மாத்திரை எதுவாக இருந்தாலும், கடைசி பெம்ப்ரோலிசுமாப் ஏறிய தேதியை எழுதிக் கொடுங்கள். அந்த மருந்து பாதியாகக் குறையவே சுமார் 22 நாள் ஆகும், டி செல்லின் மேல் இன்னும் நீண்ட நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். உடனடியாக சொட்டோராசிப் தொடங்கினால் கல்லீரல் பாதிப்பும், ஈஜிஎஃப்ஆர் மாத்திரையான ஓசிமெர்ட்டினிப் தொடங்கினால் நுரையீரல் அழற்சியும் கூடுதலாக வருகின்றன. பான்டோபிரசோல் சாப்பிட்டால் சொட்டோராசிப் உடம்பில் சரியாக உறிஞ்சப்படாது, அந்த மாத்திரையை மறுபரிசீலனை செய்ய இது இன்னொரு காரணம்.

பயாப்சியில் கேன்சர்தான், வேறெங்கும் வளரவில்லை என்று வந்தால், என் கருத்து இதுதான்: அட்ரினலைத் தனியாகக் கவனித்துவிட்டு பெம்ப்ரோலிசுமாபை நிறுத்தாமல் தொடரலாமா என்று கேட்க வேண்டும். எஸ்பிஆர்டி என்ற துல்லியக் கதிர்வீச்சு, பெரும்பாலும் 3 முதல் 5 அமர்வு. நியூயார்க்கில் நடந்த கர்ப் ஆய்வில் ஐந்து இடம் வரை மட்டும் வளர்ந்த நோயாளிகளை எடுத்துக்கொண்டு, வளர்ந்த இடங்களுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நுரையீரல் கேன்சர் நோயாளிகளில் நோய் மறுபடி வளராமலிருந்த காலம் 2.2 மாதத்திலிருந்து 10 மாதமானது. அதே ஆய்வில் மார்பகப் புற்றுநோயாளிகளுக்குப் பலனே இல்லை. ஆயுள் கூடியது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, நுரையீரல் நோயாளிகளும் அறுபது பேருக்குச் சற்றுக் குறைவுதான். இருந்தாலும் கீமோவைப் பல மாதம் தள்ளிப் போட முடிந்தால் 64 வயதுக்காரருக்கு அது சின்ன விஷயமில்லை.

இடது அட்ரினலுக்கு எஸ்பிஆர்டி கொடுக்கும்போது வயிறும் குடலும் சிறுநீரகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. சுரப்பி ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் போகும். அதனால் மூச்சசைவைக் கணக்கிடும் 4டி சிடி எடுத்துத் திட்டமிடும் மையமா என்று கேளுங்கள். அமர்வுக்கு முன் எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்று அவர்கள் சொல்வதை ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி கடைப்பிடிக்க வேண்டும், வயிறு நிறைந்த நாளில் இடம் மாறிவிடும். அமர்வுக்கு ஒரு மணி நேரம் முன் ஒன்டான்செட்ரான் போட்டால் குமட்டல் குறையும். சில மையங்களில் லேப்ராஸ்கோப்பி மூலம் சுரப்பியை எடுத்துவிடுவதும் உண்டு. கட்டி பெரிய ரத்தக்குழாயை ஒட்டாமல் இருந்தால் அதுவும் சரியான வழியே. எப்படிச் செய்தாலும் இனி ஒரு சுரப்பியைத்தான் நம்ப முடியும் என்பதால் காலை கார்டிசோலை அவ்வப்போது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இலவச டோஸ் தரும் கம்பெனித் திட்டத்தில் அப்பா இருந்தால், ஸ்கேனில் ‘வளர்ச்சி’ என்று வந்தபின்னும் திட்டம் தொடருமா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டியைக் கதிர்வீச்சால் அடக்கிவிட்டுத் தொடர்கிறோம் என்று டாக்டர் கடிதம் எழுதித் தர வேண்டியிருக்கலாம்.

பெட் ஸ்கேனில் மூன்று நான்கு உறுப்புகளில் புதிதாகத் தெரிந்தாலோ, அப்பா வேகமாக இளைத்தாலோ இந்தப் பேச்செல்லாம் முடிந்தது. அப்போது உங்கள் டாக்டர் சொன்ன கீமோதான் சரி, தாமதிக்கக் கூடாது. இதுவரை கீமோ பார்க்காத உடம்பு என்பதால் நன்றாகவே கேட்க வாய்ப்புண்டு. வழக்கமான ஜோடி கார்போபிளாட்டினும் பெமட்ரெக்ஸெடும். பெமட்ரெக்ஸெடுக்கு ஒரு வாரம் முன்பே பி12 ஊசி 1000 மைக்ரோகிராம் போட்டு, ஃபோலிக் ஆசிட் மாத்திரை தினமும் தொடங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்த அணுக்கள் பாதாளத்துக்கு இறங்கும், வாய் முழுக்கப் புண் வரும். ஃபோலிக் ஆசிட் அளவு 400 முதல் 1000 மைக்ரோகிராம். நம் கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தருவது 5 மி.கி. மாத்திரை, சீட்டில் எழுதிய அளவைப் பார்த்து வாங்குங்கள். கீமோ நாளுக்கு முதல் நாள், அன்று, மறுநாள் டெக்ஸாமெத்தசோன் உண்டு. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கேட்காமல் போடாதீர்கள், சிறுநீரகம் வழியாக பெமட்ரெக்ஸெட் வெளியேறுவது தடைபடும். கீமோவோடு பெம்ப்ரோலிசுமாபையும் தொடரலாமா என்று கேட்பீர்கள். முதல் சிகிச்சையாக இரண்டும் சேர்ந்தால் பலன் உண்டு என்பது நிரூபணமான விஷயம். கேட்காமல் வளர்ந்தபின் தொடர்ந்தால் ஆயுள் கூடும் என்பதற்கு அப்படி உறுதியான ஆதாரம் இல்லை. வீட்டை அடகு வைத்துத் தொடர வேண்டியதில்லை.

புதிய மருந்து ஆய்வில் சேரலாம் என்று யாராவது சொன்னால் சிடிஆர்ஐ என்ற அரசு ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் 2009 ஜூனிலிருந்து எந்த மருந்து ஆய்வும் அங்கே பதிவாக வேண்டும். எண்ணைப் போட்டால் எந்த ஆஸ்பத்திரி, யார் பொறுப்பு என்று யாரும் பார்க்கலாம். ஆய்வு என்று சொல்லிக்கொண்டு மருந்துக்கு லட்சக்கணக்கில் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும் பெம்ப்ரோலிசுமாபின் பக்கவிளைவு நிறுத்திப் பல மாதம் கழித்தும் வரலாம். புதிதாக வறட்டு இருமலும் மூச்சிரைப்பும், வழக்கத்தைவிட நாளுக்கு நாலு முறைக்கு மேல் கூடுதலாக வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, நிற்க முடியாத தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வராமல், ‘இம்யூனோதெரபி எடுத்தவர்’ என்று சொல்லி நேரே கேன்சர் டாக்டரிடம் போங்கள். அப்பாவின் சட்டைப் பையில் மருந்தின் பெயரும் கடைசி டோஸ் தேதியும் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும்.

கல்யாணத்துக்கு வருவோம். கையில் ஐந்தாறு வாரம் இருக்கிறது. பெட் ஸ்கேன், எம்ஆர்ஐ, பயாப்சி மூன்றையும் முதல் பத்து நாளில் முடிக்கப் பாருங்கள். எஸ்பிஆர்டி என்றால் திட்டமிட ஒரு வாரம், ஒருநாள் விட்டு ஒருநாள் அமர்வு என்று இரண்டு வாரம், முகூர்த்தத்துக்கு முன் முடிந்துவிடும். பெம்ப்ரோலிசுமாப் நாள் கல்யாணத்தன்று விழுந்தால் சில நாள் தள்ளிக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது. கீமோ என்று முடிவானால், ஏறிய ஏழாம் நாளிலிருந்து மூன்றாம் வாரம் வரை வெள்ளணு குறைந்திருக்கும். அந்த நாட்களில் முகூர்த்தக் கூட்டத்தில் நிற்பது நல்லதல்ல. நோய் ஓரிடத்தில் மட்டும் என்றால் முதல் கீமோவைக் கல்யாணத்துக்கு மறுநாள் வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். அப்படி வைத்துக்கொண்டாலும் பி12 ஊசியையும் ஃபோலிக் ஆசிட்டையும் கீமோவுக்கு ஒரு வாரம் முன்பே, கல்யாண வேலைகளுக்கு நடுவிலேயே ஆரம்பித்துவிட வேண்டும்.